ரவுண்ட்கியூப் வெப்மெயில் மேம்பட நாம் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கம் சில சிறு அலுவலகங்களுக்கும் ஒரு பள்ளிக்கும் மெயில் செர்வர் பார்த்துக்கொள்கிறேன். எல்லா இடத்திலும் ரவுண்ட்கியூப்தான். "இது சரியில்லையே, யார்ட்ட சொல்ல?" என்று ஆரம்பிக்கும் போன் வராத வாரம் கிடையாது. சொல்ல இடம் இருக்கிறது, சொன்னால் கேட்கவும் ஆள் இருக்கிறார்கள். அது பலருக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே கீழே போட்டிருக்கிறேன்.

ரவுண்ட்கியூப்னா என்ன அண்ணாச்சி? ஜிமெயில் மாதிரிதானே?

பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். பிரவுசரைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, மெயில் பார்க்கிறீர்கள். ஆனால் ஜிமெயிலில் திரையும் செர்வரும் ஒரே நிறுவனத்தின் கையில். ரவுண்ட்கியூப் திரை மட்டும்தான். மெயில் கிடப்பது உங்கள் அலுவலகமோ ஹோஸ்டிங்காரரோ வைத்திருக்கும் செர்வரில். மெயிலை எடுக்கும் ஐமேப் என்ற முறை வழியாக அங்கிருந்து எடுத்துக் காட்டும், அனுப்பும் முறையான எஸ்எம்டிபி வழியாக அனுப்பும், அவ்வளவே அதன் வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடத்தில் தேவைப்படும்.

தாமஸ் ப்ரூடர்லி என்பவர் 2005-ல் தொடங்கிய திட்டம் இது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள விடும் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, கோடு (அதாவது நிரல்) முழுவதும் கிட்ஹப் என்ற பொதுத் தளத்தில் திறந்து கிடக்கிறது. பிழை சொல்ல வேண்டிய இடமும் அந்தக் கிட்ஹப்தான். 1.0 பதிப்பு 2014-ல் வந்தது. 2023 நவம்பரில் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவனம் இதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங்கில் இது கூடவே வருவதால், பெயர் தெரியாமலே பயன்படுத்துகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

எனக்கு கோடிங் ஒண்ணும் தெரியாது. நான் என்னத்த செய்ய?

கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் அக்கா கேட்டது. நான் இந்தப் பக்கத்தை எழுதுவதே இவரைப் போன்றவர்களுக்காகத்தான். கோடு எழுதுகிறவர்கள் ஐரோப்பாவில் நல்ல இணைய வேகத்தில், ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ மெயில் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். தமிழில் பொருள் வரி எழுதி, தமிழ்ப் பெயருள்ள பைலை இணைத்து, விட்டு விட்டு வரும் சிக்னலில் ஒருவர் மெயில் அனுப்பும்போது என்ன ஆகிறது என்பது அவர்கள் கண்ணில் படவே படாது. நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பார்த்ததைச் சரியாக எழுதிக் கொடுத்தால், கோடு எழுதுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

பிழை சொல்வது, தமிழாக்கம் செய்வது, புதுப் பதிப்பை வெளிவருமுன் சோதிப்பது, பக்கத்து ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பது, எதற்கும் கோடிங் தேவையில்லை.

"மெயில் போகல"ன்னு சொன்னா போதாதா? அதுக்கு மேல என்ன சொல்லணும்?

போதாது. "மெயில் போகல" என்பதற்குப் பின்னால் குறைந்தது நான்கு விதமான கோளாறு இருக்கலாம். அனுப்பு பொத்தானே வேலை செய்யவில்லையா? அழுத்தியதும் சிவப்பில் பிழைச் செய்தி வந்ததா? "அனுப்பப்பட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேரவில்லையா? போய்ச் சேர்ந்து ஸ்பேமில் கிடக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு.

நல்ல பிழை அறிக்கை எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி தருகிறேன்:

"ரவுண்ட்கியூப் 1.6.11, எலாஸ்டிக் ஸ்கின். விண்டோஸ் 10, ஃபயர்ஃபாக்ஸ். புது மெயில் திறந்தேன். தமிழில் நீளமான பெயர் உள்ள பிடிஎஃப் ஒன்றை இணைத்தேன். என் முகவரிக்கே அனுப்பினேன். பெயர் முழுதாக வர வேண்டும். வந்த மெயிலில் பைல் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, கடைசி எழுத்து உடைந்திருக்கிறது. அதே பைலுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்து அனுப்பினால் சரியாக வருகிறது. குரோமிலும் இதே கதை."

எது வேண்டுமோ அது இருக்கிறது: பதிப்பு, ஸ்கின் (திரையின் தோற்றம்), பிரவுசர், வரிசையாகச் செய்தவை, எதிர்பார்த்தது, நடந்தது, எப்போது சரியாக வருகிறது என்பதும். அந்தக் கடைசி விஷயம்தான் தங்கம். எதில் வருகிறது, எதில் வரவில்லை என்று நீங்கள் பிரித்துக் காட்டிவிட்டால், கோடில் எந்த மூலையில் தேடுவது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பதிப்பு எண் தெரியவில்லை என்றால் இடது பக்கப் பட்டையின் அடியில் இருக்கும் 'அபௌட்' என்பதை அழுத்துங்கள். சில இடங்களில் நிர்வாகி அதை மறைத்திருப்பார், அப்போது அவரிடமே கேளுங்கள்.

எது ரவுண்ட்கியூப் தப்பு, எது எங்க செர்வர் தப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

முதல் கேள்வியில் சொன்ன 'திரை மட்டும்' என்பது இங்கேதான் உதவும். அதே மெயிலை தண்டர்பேர்டு போன்ற கணினி மெயில் மென்பொருளிலோ போனில் உள்ள மெயில் ஆப்பிலோ திறந்து பாருங்கள். அங்கும் அதே கோளாறு என்றால் பெரும்பாலும் செர்வர் பக்கம். அங்கே நன்றாக இருந்து இங்கே மட்டும் கெட்டிருந்தால் ரவுண்ட்கியூப் மேல் சந்தேகம் வைக்கலாம்.

ஸ்பேம் என்று ஒதுக்குவது ரவுண்ட்கியூப் இல்லை. ஸ்பேம்அசாசின், ஆர்ஸ்பேம்டி போன்றவை செர்வரில் உட்கார்ந்து அந்த முடிவை எடுக்கின்றன. பெரிய பைலை இணைக்க முடியவில்லை என்பதும் பெரும்பாலும் அமைப்பு விஷயம். பிஎச்பி நிறுவும்போது ஒரு பைலுக்கு இயல்பு வரம்பு 2 எம்பிதான், நிர்வாகி கூட்டி வைக்க வேண்டும். தவிர, மெயிலில் இணைப்பு போகும்போது பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறி அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 9 எம்பி பைல் 12 எம்பி ஆகிவிடும். 10 எம்பி வரம்புள்ள செர்வர் அதைத் திருப்பி அனுப்பினால் கோளாறு ஒன்றுமில்லை. இதையெல்லாம் கிட்ஹப்பில் பிழை என்று எழுதினால் மூடிவிடுவார்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது.

தமிழ் மெயில் எல்லாம் கோணல்மாணலா வருது. இதை எப்படிச் சொல்ல?

எப்படிக் கோணலாக வருகிறது என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக இருந்தால், மெயில் சரி, உங்கள் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்து வரி முழுக்க மறுபடி மறுபடி வந்தால், யுனிகோடில் நல்லபடியாக எழுதிய மெயிலை யாரோ பழைய மேற்கத்தியக் குறியீடாக எடுத்துக் காட்டுகிறார்கள். உள்ளே தகவல் பத்திரமாக இருக்கிறது, மீட்கலாம். வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் வழியில் எங்கோ எழுத்தே தொலைந்துவிட்டது. அதைப் பெறும் இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது, அனுப்பிய இடத்தைத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு வகையும் உண்டு. யுனிகோடு வருமுன் டிஸ்கி போன்ற குறியீடுகளிலும், ஒவ்வொரு டிடிபி கடையும் தனித்தனி எழுத்துருவிலும் அடித்த காலத்துப் பைலிலிருந்து எடுத்து ஒட்டியது. அது ஆங்கில எழுத்தும் அடையாளக் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். அதற்கு ரவுண்ட்கியூப் பொறுப்பில்லை.

இதில் இரண்டாவது வகையும், பொருள் வரியின் நடுவில் ஓர் எழுத்து மட்டும் உடைந்து வருவதும் கட்டாயம் எழுத வேண்டியவை. காரணம் சொல்கிறேன். யுனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'தாமிரபரணி' என்ற பெயரில், கால் (ா), விசிறி (ி) எல்லாம் தனித்தனியாக எண்ணினால், 9 குறிகள், 27 பைட். பொருள் வரியை அனுப்பும்போது 75 எழுத்துக்கு மிகாத துண்டுகளாக நறுக்க வேண்டும் என்பது மெயில் விதி. நறுக்கும் நிரல் கவனமில்லாமல் மூன்று பைட்டின் நடுவில் வெட்டிவிட்டால் அந்த எழுத்து செத்தது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தப் பிழை எந்த நாளும் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லும்போது, மெயிலைத் திறந்து 'மேலும்' பட்டியலில் மூலத்தைக் காட்டும் வழி இருக்கிறது, அல்லது மெயிலின் முழுப் படியை இஎம்எல் பைலாக இறக்கலாம். அந்தப் பைலில்லாமல் இவ்வகைப் பிழையை யாராலும் ஆராய முடியாது.

கொக்கிரகுளம்னு தேடினா பாதி மெயில்தான் வருது. மீதி எங்க போச்சு?

நல்ல கேள்வி, நம்மைப் போன்றவர்கள் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய பிழை. 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். 'க' போட்டு ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். அல்லது 'க', ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யுனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான். ஆனால் தேடும் நிரல் அதைச் சமமாகப் பாவிக்காவிட்டால் ஒன்றைத் தேடும்போது மற்றது அகப்படாது. போனில் அடித்தவர் ஒரு விதமாகவும் பழைய கீபோர்டு மென்பொருளில் அடித்தவர் வேறு விதமாகவும் அனுப்பியிருப்பார்கள்.

இதை எழுதுமுன் ஒன்றைப் பாருங்கள். மெயில் பெட்டிக்குள் தேடுவது பெரும்பாலும் ஐமேப் செர்வரின் வேலை. முகவரிப் புத்தகத்தில் தேடுவது ரவுண்ட்கியூப் தன் தரவுத்தளத்தில் செய்வது. முகவரிப் புத்தகத்திலும் இதே கோளாறு இருந்தால் ரவுண்ட்கியூப்புக்கு எழுதுங்கள். மெயிலில் மட்டும் என்றால் செர்வர் எது என்று நிர்வாகியிடம் கேட்டு, டவ்காட் என்ற ஐமேப் செர்வர் மென்பொருள் என்றால் அந்தத் திட்டத்துக்கு எழுதச் சொல்லுங்கள்.

எனக்கு இங்கிலீஷ்ல எழுத வராது. தமிழ்ல எழுதினா படிப்பாங்களா?

கிட்ஹப்பில் ஆங்கிலம்தான் நடைமுறை. ஆனால் அழகான ஆங்கிலம் யாரும் எதிர்பார்க்கவில்லை. அங்கே எழுதுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. மேலே கொடுத்த மாதிரியைப் போல் சின்னச் சின்ன வாக்கியமாகத் தமிழில் எழுதி, மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, ஸ்க்ரீன்ஷாட்டோடு சேர்த்து அனுப்புங்கள். நீளமான வாக்கியம் எழுதினால் கருவி குழப்பிவிடும். வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் அவரை எழுதச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் போட்டா ஆபீஸ் விஷயம் ஊருக்கே தெரிஞ்சிராதா?

கவனிக்காவிட்டால் தெரிந்துவிடும். அங்கே போடுவதை உலகம் முழுக்க யாரும் பார்க்கலாம், தேடுபொறியிலும் வரும். அதனால் உண்மையான மெயிலை வைத்துப் படம் எடுக்காதீர்கள். 'சோதனை' என்று ஒரு பொய் மெயில் எழுதி, அதே கோளாறு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதையே படம் எடுங்கள். இஎம்எல் பைலும் அப்படித்தான். அதன் தலைப்பகுதியில் அனுப்பியவர், பெற்றவர், வழியில் வந்த செர்வர்களின் முகவரி எல்லாம் இருக்கும். செர்வரில் நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் பைலை நிர்வாகி தந்தால் அதில் பயனர் பெயர், பாஸ்வேர்டு ஏதும் இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டே ஒட்டுங்கள். ஆதார் எண் இருக்கும் மெயில் என்றால் தொடவே வேண்டாம்.

நான் தமிழாசிரியர். தமிழாக்கத்துல உதவலாமா?

தாராளமாக. ரவுண்ட்கியூப்பின் மொழிபெயர்ப்புகள் டிரான்சிஃபெக்ஸ் என்ற தளத்தில் நடக்கின்றன. கணக்கு தொடங்கி, தமிழ் அணியில் சேரக் கேட்டு, வரிவரியாக மொழிபெயர்க்கலாம். கிட்ஹப்பில் நேரடியாக அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், ஆங்கில மூலம் மட்டுமே அங்கே திருத்தப்படுகிறது.

இரண்டு விஷயம். முதலாவது, டாலர் குறி போட்டு வரும் சொற்களை மொழிபெயர்க்கக் கூடாது. மெயில் பட்டியலின் கீழே 'இத்தனையில் இது முதல் இது வரை' என்று காட்டும் வரியில் மூன்று இடத்தில் அந்தக் குறி வரும், ஓடும்போது எண்கள் அங்கே வந்து உட்காரும். சொல்லை மாற்றினால் எண் வராது. ஆனால் வரிசையைத் தமிழுக்கு ஏற்ப மாற்றலாம், மாற்றவும் வேண்டும். மொத்தம் முன்னால் வருவதுதான் நமக்கு இயல்பு. இரண்டாவது, பொத்தானில் இடம் குறைவு. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து இருக்கும் இடத்தில் பதினைந்து எழுத்துத் தமிழ்ச் சொல் வைத்தால் போன் திரையில் வெட்டுப்படும். எழுதியதை ஓடவிட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். ஆபீஸில் வேலை செய்கிறவர் நின்று யோசிக்காமல் அழுத்த வேண்டும் என்பதே என் அளவுகோல். தூய்மைக்காக யாருக்கும் புரியாத சொல்லைப் பொத்தானில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

எங்க ஊர்ல கரண்ட் போயிட்டா எழுதின மெயிலும் போயிருது. இது பிழையா?

திட்டமிட்டே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அமைப்புகளில் மெயில் எழுதும் பகுதியில், வரைவைத் தானாகச் சேமிக்கும் இடைவெளி இருக்கும். அதை ஒரு நிமிடமாகக் குறைத்து வையுங்கள். அதுபோகப் பிரவுசருக்குள்ளும் ஒரு படி எழுதிக்கொள்கிறது. மறுபடி எழுதும் பக்கத்தைத் திறந்தால் 'முன்பு எழுதி அனுப்பாத மெயில் இருக்கிறது, மீட்கவா?' என்று கேட்கும். அப்படிக் கேட்கவில்லை என்றால் அது எழுத வேண்டிய பிழை. காரையாறு, மாஞ்சோலைப் பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும் இடத்தில் இருப்பவர்கள் இதைச் சோதித்துச் சொன்னால் பெரிய உதவி.

கண் தெரியாதவங்க இதைப் பயன்படுத்த முடியுமா? அதுல நாங்க உதவ முடியுமா?

முடியும், உதவவும் வேண்டும். பார்வையற்றோருக்கான பள்ளி நூறாண்டுக்கு மேலாக நடக்கும் ஊர் பாளையங்கோட்டை. அங்கே படித்து வந்து வேலையில் இருப்பவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானை வைத்து மெயில் பார்க்கிறார்கள். என்விடிஏவும் இலவசத் திறந்த மென்பொருள்தான். அவர்கள் எழுதும் ஒரு பிழை அறிக்கை மற்றவர்கள் எழுதும் பத்துக்குச் சமம். எந்தப் பொத்தானில் நின்றபோது பெயர் சொல்லாமல் வெறுமனே 'பொத்தான்' என்றது, எங்கே போய் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியவில்லை என்று குறித்தால் போதும்.

கண் தெரிகிறவர்களும் சோதிக்கலாம். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், என்டர், அம்புக்குறிகளை மட்டும் வைத்து ஒரு மெயில் படித்து, பதில் எழுதி, அனுப்பிப் பாருங்கள்.

எழுதிப் போட்டேன், ஒருத்தரும் பதில் சொல்லல. என்ன செய்ய?

எழுதுமுன் ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடினீர்களா? இருந்தால் புதிதாகத் திறக்காமல் அதன் கீழேயே உங்கள் பதிப்பு, பிரவுசர் விவரத்தைச் சேருங்கள். 'எனக்கும்' என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை, அதற்குக் கட்டைவிரல் குறி இருக்கிறது.

தேடியும் எழுதியும் பதில் இல்லை என்றால் பொறுங்கள். தொடர்ந்து கோடு எழுதுகிறவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். புதுப் பதிப்பு வந்ததும் பிழை இன்னும் இருக்கிறதா என்று சோதித்து ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி நினைவூட்டலும் ஆகும், தகவலும் ஆகும். 'எப்போ சரி பண்ணுவீங்க' என்ற கேள்வி இரண்டும் ஆகாது.

பாதுகாப்பு ஓட்டை மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அதையும் அங்கயே எழுதலாமா?

கூடவே கூடாது. இது ஒன்றில் மட்டும் மேலே சொன்னது எல்லாம் தலைகீழ். பொதுவில் எழுதினால் திருத்தம் வருமுன் திருடன் வந்துவிடுவான். பாதுகாப்புப் பிரச்சினைகளைத் தனியாகத் தெரிவிக்கும் முறை திட்டத்தின் தளத்திலேயே இருக்கிறது, அதன் வழியே மட்டும் எழுதுங்கள். நண்பர்கள் குழுவிலும் போடாதீர்கள்.

2025 ஜூனில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2025-49113 என்று எண்ணிட்ட ஓட்டை, உள்நுழைந்த எந்தப் பயனரும் செர்வரில் தன் கட்டளையை ஓட்டிவிடலாம் என்ற அளவுக்கு மோசமானது. பத்தாண்டுக்கு மேல் கோடில் கிடந்தது. 1.6.11, 1.5.10 பதிப்புகளில் அடைத்தார்கள். திருத்தம் வெளியான சில நாட்களிலேயே அதைப் படித்துத் தாக்கும் நிரல்களும் வந்துவிட்டன. உங்கள் ஆபீஸில் பதிப்பு அதைவிடப் பழையதா என்று பார்த்து, பழையது என்றால் நிர்வாகியை இன்றைக்கே நச்சரியுங்கள். அதுவும் உதவிதான்.

பணம் அனுப்பினா சீக்கிரம் சரி பண்ணுவாங்களா?

பணத்துக்கும் ஒரு பிழைக்கும் நேர்த் தொடர்பு இல்லை. 2015-ல் 'ரவுண்ட்கியூப் நெக்ஸ்ட்' என்ற பெயரில் இணையத்தில் நிதி திரட்டினார்கள், ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஆனால் சொன்ன அந்தப் புது மென்பொருள் வெளிவரவில்லை. கொடுத்தவர்களுக்கு வருத்தம் இருந்தது, அது நியாயமும்கூட. பழைய ரவுண்ட்கியூப் மட்டும் நிற்காமல் வளர்ந்துகொண்டே வந்தது. நம் ஊர் ஆபீஸுக்கு என் ஆலோசனை: பணத்துக்குப் பதில் ஆள் நேரம் கொடுங்கள். பிஎச்பி தெரிந்த உள்ளூர்ப் பையனுக்குக் கூலி கொடுத்து உங்களுக்கு வேண்டிய திருத்தத்தை எழுத வைத்து, அதைத் திட்டத்துக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

அப்படி எழுதினதை எங்க செர்வர்ல மட்டும் வச்சுக்கிட்டா என்ன? ஊருக்கெல்லாம் ஏன் கொடுக்கணும்?

சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். ஜிபிஎல் உரிமத்தில், மாற்றிய மென்பொருளை மற்றவருக்கு விநியோகித்தால்தான் கோடையும் கொடுக்க வேண்டும். உங்கள் செர்வரில் நீங்களே ஓட்டுவதற்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் வரும். அடுத்த பதிப்பு போடும்போது உங்கள் திருத்தம் அழிந்துபோகும், திரும்ப ஒட்ட வேண்டும். எழுதிய பையன் சென்னைக்கு வேலைக்குப் போயிருப்பான். அப்போது 'புதுப் பதிப்பே வேண்டாம்' என்று விட்டுவிடுவார்கள், முந்தைய பதிலுக்கு முந்தையதில் சொன்ன ஓட்டை அப்படியே திறந்து கிடக்கும். அதனால் பிழைத் திருத்தம் என்றால் மூலத் திட்டத்துக்கே அனுப்புங்கள். ஒரு திருத்தத்துக்கு ஒரு விஷயம் மட்டும், சிறியதாக, ஏன் என்ற விளக்கத்தோடு. உங்கள் ஆபீஸுக்கு மட்டுமே வேண்டிய வசதி என்றால் ப்ளக்இன் ஆக, அதாவது தனியாகச் சேர்க்கும் துணை நிரலாக, எழுதச் சொல்லுங்கள். ரவுண்ட்கியூப்பில் அதற்கென்றே தனி அடைவு உண்டு, மூலக் கோடைத் தொடாமல் சேர்க்கலாம், பதிப்பு மாறினாலும் பெரும்பாலும் தாங்கும். ஒரு வசதி கேட்டு, 'இதை மூலத்தில் சேர்க்க மாட்டோம், ப்ளக்இன் எழுதுங்கள்' என்று அவர்கள் பதில் போட்டால் அதன் பொருளும் இதுவே.